சித்தப்பாவைப் பார்த்த ஆட்டம்

பேப்பர் வந்ததும் நான் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பி, கிரிக்கெட்டையெல்லாம் தாண்டி, அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் டென்னிஸ் முடிவைத் தேடுவேன். அதிலும் ஆண்கள் இரட்டையர் முடிவைத்தான். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "அப்பா, ஒரு நாளாவது நீ டென்னிஸ் மட்டையைக் கையால தொட்டிருக்கியா?" என்று பெரியவள் ஒரு தடவை கேட்டாள். தொட்டதில்லை. இந்த வயசு வரைக்கும் ஒரு டென்னிஸ் மைதானத்தை நேரில் பார்த்ததும் இல்லை. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது உங்கள் தாத்தா, என் அப்பா, போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அவர் இருக்கும்வரை சொல்ல முடியாததை இனி எழுதி வைக்கலாம். நான் பத்தாவதோடு நின்றவன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயசு, ஆறாம் வகுப்பு. தஞ்சாவூருக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே பாசஞ்சர் வண்டி மட்டும் நின்று போகும் நம் ஊரில்தான் இது நடந்தது. வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான் என்று ஐந்து பேர். சித்திக்குக் குழந்தை இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், நிலத்தை ஒன்றாகவே பயிர் செய்தார்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் மேட்டூர் அணையை நேரத்துக்குத் திறக்கவில்லை. குறுவை இல்லாமல் போயிற்று. சம்பாவுக்கும் தண்ணீர் வாய்க்காலின் தலைப்போடு நின்றது. எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசி. "ஒரு ஆளுக்கு உண்டான வேலைகூட இதுல இல்ல. ரெண்டு பேரு நின்னு என்ன பண்றது?" என்று சித்தப்பா ஒரு நாள் மண்வெட்டியைக் கழுவி வைத்தார். அந்த ஆடி மாதமே, ஊரில் ஏழெட்டுப் பேர் போன வழியில், அவரும் அரபு நாட்டுக்கு விமானம் ஏறினார். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அந்த ஊர்ப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அங்கே அவருக்கு ஒரு விளையாட்டு அரங்கத்தில் வேலை. அரங்கத்தைக் கட்டி, பராமரித்து, கூட்டிப் பெருக்கும் கம்பெனியின் ஆட்களில் ஒருவர். ஒரு தடவை போட்டோ அனுப்பியிருந்தார். கடல் மாதிரி நீலமாக ஒரு சிமெண்டுத் தரை, நடுவில் வலை, ஓரத்தில் மஞ்சள் சட்டை போட்ட சித்தப்பா, முறுக்கிய மீசை, கையில் ரப்பர் வைத்த நீளமான தள்ளுகட்டை. "நம்ம களத்துல நெல்லு தள்ளுற கட்டை மாதிரியேல்ல இருக்கு!" என்று அம்மா சொன்னார். எல்லாரும் சிரித்தோம். சித்தி மட்டும் போட்டோவைத் திரும்ப வாங்கி முந்தானையால் துடைத்தார்.

ஊரில் போன் இருந்தது கடை பாய் வீட்டில். ரயில்வே கேட் பக்கத்தில் மளிகைக் கடை, பின்பக்கம் வீடு. அவருடைய தம்பிகள் இருவரும் வளைகுடாவில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே அவருடைய நம்பர்தான் ஆளைக் கூப்பிட்டுவிடும் பி.பி. நம்பர். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, அங்கே லீவு நாளில், சித்தப்பா பேசுவார். எந்த வெள்ளி என்பதில் தவறிவிடக் கூடாதென்று சித்தி எல்லா வெள்ளியும் போவார். மதியமே சமையலை முடித்துத் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குக் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். போனில் பேசுவதற்குப் பூ எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். அம்மா என் தலையில் குட்டினார்.

கார்த்திகை மாதக் கடைசி வெள்ளியில் சித்தப்பா பேசினார். முதலில் சித்தி பேசினார், அப்புறம் என்னிடம் கொடுத்தார். "டேய், மாசியில இங்க பெரிய டென்னிஸ் போட்டி நடக்கும்டா. டிவில காட்டுவான். ஒத்தை ஆளு ஆடுற பெரிய ஆட்டத்துக்கு எங்களை உள்ள விட மாட்டாங்க. அதுக்கு வெள்ளைக்காரப் புள்ளைங்க. ரெண்டு ரெண்டு பேரா ஆடுற ஆட்டத்துக்கு எங்க ஆளுங்கதான். மழை கிழை தூறுனா தரையைத் தள்ள நான் ஓடி வருவேன் பாரு. கடைசி ஆளு நான்தான்." இதுதான் அவர் என்னிடம் பேசியது. இதற்குப் பிறகு அவர் குரலை யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் போன் வரவில்லை. பொங்கலன்று நிச்சயம் வரும் என்று சித்தி, பொங்கல் வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் போய் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. பாய் தன் தம்பிகளிடம் சொல்லி விசாரித்தார். அவர்கள் இருப்பது வேறு நாடு. கம்பெனி நம்பருக்குப் போட்டால் புரியாத பாஷையில் ஒருவன் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அனுப்பிவைத்த ஏஜெண்டின் அறை பூட்டியிருந்தது. தை போய் மாசி பிறந்தது. அப்பா அறுவடையை முடித்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போய் ஒரு மனு எழுதி வாங்கி வந்தார். திங்கட்கிழமை தஞ்சாவூரில் கலெக்டரே நேரில் மனு வாங்குவார். அதில் கொடுத்தால் அங்கிருந்து டெல்லிக்கு எழுதி, தூதரகத்தில் தேடுவார்களாம். மனுவில் சித்தப்பாவின் போட்டோ ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை' என்று இருந்தது. அப்பா அதை வாசித்துக் காட்டியபோது, சித்தி அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த வாரம்தான் போட்டி தொடங்கியது. பாய் கடைப் பேப்பரில் நான்தான் கண்டுபிடித்தேன். சித்தப்பா இருந்த ஊர்ப் பெயர் தலைப்பில், கீழே நான்கு வரி. இரட்டையர் பிரிவு முதல் சுற்றில் நம் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் அவருடைய வெளிநாட்டுக் கூட்டாளியும் சேர்ந்த ஜோடி 6-3, 6-4 என்று வென்றது என்று போட்டிருந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பாய் பின்னாலிருந்து, "டேய், இன்னும் நான் படிக்கலடா!" என்று கத்தினார்.

சித்தி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"இதுல உங்க சித்தப்பா எங்கடா?"

"இதுல இருக்க மாட்டாரு சித்தி. ஆடுனவங்க நாலு பேரைத்தான் போடுவாங்க."

"தரை தள்ளுனவங்க பேரெல்லாம் போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

சித்தி முறத்தைத் தட்டிவிட்டு, "அப்ப எதுக்குடா இப்படி ஓடியாந்தே?" என்றார்.

நான் விளக்கினேன். இரட்டையர் ஆட்டத்தை டிவியில் காட்ட மாட்டார்கள். ஒற்றையர் ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் நம் நாட்டுக்காரர் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டால் நம் ஊர் கேபிளில் வரும் சேனலில் கட்டாயம் காட்டுவார்கள். இதைப் பாய் சொன்னார். அப்படியென்றால் அந்த ஜோடி இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவைப் பார்க்கலாம். மழையும் தூற வேண்டும்.

சித்தி முறத்தைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டு பேரும் நல்லா ஆடுவாங்களாடா?" என்று மெதுவாகக் கேட்டார். அதிலிருந்து எங்கள் இருவருக்கும் அந்த ஜோடிதான் பேச்சு.

கால் இறுதியில் எதிர் ஜோடியில் ஒருவருக்குக் கால் பிசகி, பாதி ஆட்டத்தில் விலகிவிட்டார்கள். நான் குதித்தேன். சித்தி யோசித்தார்.

"கால் போனது ஒருத்தருக்குத்தானே? இன்னொருத்தரு நல்லாத்தானே இருக்காரு?"

"இருந்தாலும் ஆடக் கூடாது சித்தி. ஒருத்தர் போயிட்டா ரெண்டு பேரும் அவுட்டு."

"நல்லா இருக்கிறவரு சும்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?"

"ஆமா."

சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். எனக்கு நம் ஜோடி ஜெயித்த சந்தோஷம். அய்யனார் கோயில் முன்னால் நின்று, அரபு நாட்டில் சனிக்கிழமை மழை பெய்ய வேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். அப்பா சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர், "இங்க களத்துல நெல்லு காயுது. மழையாம் மழை! வாயைக் கழுவுடா" என்று விரட்டினார். இல்லை, அங்கேதான் பெய்யணும் என்று அய்யனாரிடம் மறுபடியும் திருத்திச் சொல்லிவிட்டு ஓடினேன்.

அரை இறுதிக்கு மறுநாள் பேப்பரில் முடிவு இல்லை. 'ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது' என்று ஒரு வரி மட்டும். அந்த நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் இரண்டு அடி வாங்கினேன். சாயங்காலம் பாய் கடை வாசலுக்கே வந்து நின்று, நான் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஜோடி ஜெயித்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது சித்தி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உளுந்து வாசனை அடித்தது.

சனிக்கிழமை எல்லாரும் பாய் வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு விருப்பமில்லை. "திங்கக்கிழமை மனு கொடுக்கப் போறேன். அதுக்குள்ள இது என்ன கூத்து?" என்றார். ஆனாலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சித்தி வெள்ளிக்கிழமை மாதிரியே தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார். உள்ளே கோரைப்பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி. பாய் டிவி மேல் தட்டித் தட்டிப் படத்தைச் சரிசெய்தார்.

நீலத் தரை தெரிந்தது. போட்டோவில் பார்த்த அதே தரை. சித்தி என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாய், இருக்கை எல்லாம் காலியாக் கெடக்கு?" என்றார் அப்பா.

"இரட்டையருக்கு இவ்வளவுதாங்க கூட்டம். ராஜா கணக்கா ஒத்தை ஆளு ஆடுற ஆட்டம் நாளைக்கு. இதுக்கு யாரு வருவா?" என்று பாய் ஆட்டத்தை விளக்கினார். "இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு. இவரு விட்டா அவரு எடுக்கலாம். யாரு விட்டாலும் நட்டம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். இவராலன்னு தனியா எழுத மாட்டாங்க."

பந்து அங்கும் இங்கும் போய் வந்தது. நாங்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நிற்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் செட்டை நம் ஜோடி தோற்றது. இரண்டாவது செட்டை இழுத்துப் பிடித்து ஜெயித்தது. நான் மட்டும் கொஞ்சம் ஆட்டத்தையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது செட் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மழை! அய்யனார் கேட்டுவிட்டார். நடுவர் கையைக் காட்ட, எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மூலையில் ஒரு கதவு திறந்தது. மஞ்சள் சட்டை, மஞ்சள் தொப்பி, கையில் தள்ளுகட்டை. ஆறேழு பேர் வரிசையாக ஓடி வந்தார்கள். தூரத்தில், எறும்பு மாதிரி. "எங்க, எங்க?" என்று சித்தி முழங்காலில் எழுந்தார். அவ்வளவுதான். மழை வந்தால் விளம்பரம் போட்டுவிடுவான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? டிவியில் ஒரு பெண் சோப்பு நுரையோடு சிரித்தாள்.

சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் முழங்காலிலேயே நின்று, அந்தச் சோப்புக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாய் தானாகக் கத்தியது.

"சித்தப்பா! கடைசியா வந்தது சித்தப்பா! நான் பாத்தேன்!"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கடா பாத்தே?"

"கடைசி ஆளுப்பா. கடைசி ஆளு நான்தான்னு அன்னைக்கே சொன்னாருல்ல?"

"எல்லாருந்தான் மஞ்சச் சட்டை. மூஞ்சியைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தொப்பி மறைச்சுதேடா."

"நிமிந்து பாத்தாருப்பா. கொஞ்சம் கறுத்துட்டாரு. மீசை அப்படியே இருக்கு. நல்லா முறுக்கிவிட்டிருந்தாரு."

சித்தி திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பாயும்கூட என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் சித்தி பார்த்தது வேறு மாதிரி இருந்தது. கண்ணை என் முகத்தை விட்டு எடுக்கவே இல்லை.

அப்பா என் கிட்டே வந்தார். "இது வெளையாட்டு இல்ல. நாளன்னிக்கு மனுவோட கலெக்டர் முன்னாடி நிக்கப்போறேன். பொய் சொன்னேன்னு வை, முதுகுத் தோலு உரிஞ்சிடும். சத்தியமாப் பாத்தியாடா?" என்று கையை ஓங்கினார்.

என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அழுதிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நானும் பாத்தேன் மாமா" என்றார் சித்தி. அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "அவருதான். நானும் பாத்தேன்."

அப்பாவின் கை அப்படியே இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "பொண்டாட்டி கண்ணு தப்பாது" என்று பாயிடம் சொன்னார். பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். எல்லாருக்கும் சர்பத் வந்தது. மழை விட்டு ஆட்டம் மறுபடி தொடங்கி, நம் ஜோடி ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

மறுநாள் பேப்பரில் முடிவு வந்தது. 4-6, 7-5, 6-3. இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே ஜோடியாகப் போட்டிருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. மனு இருந்த பழுப்பு உறையை எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு கோபமாக மாறிவிட்டது. "ஆளு குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருக்கான். ஒரு போன் பண்ண வலிக்குது அவனுக்கு. நாம இங்க உசுரைக் கையில புடிச்சிக்கிட்டுத் திரியிறோம். வரட்டும், பேசிக்கிறேன்." பங்குனி முழுக்க அப்பா சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்தது. வீட்டில் பழையபடி சாப்பாடு இறங்கியது. நான்தான் இதையெல்லாம் செய்தேன் என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

சித்தி மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை.

"அதான் பாத்தாச்சே சித்தி. இன்னும் எதுக்குப் போறீங்க?"

"பாத்தாப் போதுமாடா? பேச வேணாமா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பூவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை. பாய் பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் போன் பண்ணியிருக்கிறார். எப்படியோ எங்கெங்கோ கேட்டு பாய் நம்பரைப் பிடித்திருக்கிறார். மார்கழியில், பார்வையாளர் இருக்கைக்கு மேல் நிழல் துணி கட்டும்போது, சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. பேச்சு இல்லை, நினைவும் சரியாக இல்லை. கம்பெனி அவரை ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு கூடத் தங்கியிருந்த ஆட்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. யாருக்கு யார் சொல்வது என்று இல்லாமல் போயிற்று. பங்குனி பாதியில் உயிர் போயிருக்கிறது. அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள்.

அம்மா தரையில் விழுந்து அழுதார். அப்பா அழவில்லை. "பங்குனியா?" என்று கேட்டார். "பங்குனிதானா பாய்? நல்லாக் கேட்டீங்களா?"

"பங்குனிதாங்க."

"அப்ப மாசியில இருந்திருக்கான்."

பாய் கையிலிருந்த தொப்பியை மடித்தார்.

"மாசியில உசுரோட கெடந்திருக்கான். தேடுனாக் கெடைக்கிற எடத்துல கெடந்திருக்கான்." அப்பா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழுப்பு உறையை எடுத்துவந்து எங்கள் நடுவில் போட்டார். "இதக் குடுக்க விடாமப் பண்ணுனது யாரு? பாத்தேன் பாத்தேன்னு அன்னைக்குச் சொன்னது யாரு?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது.

"நான்தான் மாமா" என்றார் சித்தி. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் செய்தி கேட்டவர். குரல் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "அவன் சின்னப் பய, எதையோ கத்துனான். அதை வச்சா நீங்க நம்புனீங்க? நான் சொன்னதுக்கப்புறந்தானே நம்புனீங்க. நான்தான்."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "கட்டுனவன் யாரு, கண்டவன் யாருன்னு தெரியல உனக்கு" என்றார். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சாகும்வரை, அப்பா சித்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மனு கொடுத்திருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனு ஆறு மாதம் தூங்கும் என்று பாய் சொல்லுவார். அதைச் சொல்லி நானும் என்னைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு ஆஸ்பத்திரியில், தன் பாஷை பேசும் ஒருத்தர் வந்து கையைப் பிடிக்க மாட்டாரா என்று, வாய் வராமல் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். அந்த ஒரு மாதமும் நாங்கள் அவர்மேல் கோபமாக இருந்தோம்.

சித்தி ஆனி மாதம் தரங்கம்பாடிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். தாத்தா காரியத்துக்கு வந்து, யாரோடும் பேசாமல் கடைசியில் உட்கார்ந்திருந்து, பந்திக்கு முன்பே பஸ் ஏறிப்போன நரைத்த அம்மாள் யார் என்று நீங்கள் கேட்டீர்களே, அவர்தான். தாத்தாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் இருந்தது. தாத்தா படுக்கையில் விழுந்த பிறகும் நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த 'நாளை'யும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது.

பேப்பரில் நான் அந்தப் பொடி எழுத்தைத் தேடுவது இதற்காகத்தான். ஒற்றையரில் தோற்றவர் பெயர் தனியாக நிற்கும். இரட்டையரில் பந்தை விட்டவர் யார் என்று எந்தப் பேப்பரும் போடாது. ஆனால் எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக ஒரே பெயர்தான் இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய பெயரை இப்போது உங்களுக்காக எழுதிவிட்டேன். சித்தியைப் போய்ப் பார்க்க வேண்டும். நீங்களும் வாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. சித்தி ஊருக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு, சித்தப்பாவின் பை வந்து சேர்ந்தது. இரண்டு மஞ்சள் சட்டை, ஒரு சோப்பு டப்பா, எங்கள் போட்டோ, டிசம்பர் தேதி போட்ட புதுக் கம்பெனி அடையாள அட்டை. சித்தி அட்டையை என்னிடம் நீட்டினார். படத்தில் சித்தப்பாவுக்கு மீசை இல்லை. மேலுதடு வெளுத்து, யாரோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார்.

"என்ன சித்தி, மீசை இல்ல?"

"கார்த்திகையில போன் பண்ணுனப்பவே சொன்னாரு. அங்க வேர்வைக்கு மீசையைச் சுத்தி ஒரே புண்ணாம், எடுத்துட்டேன்னாரு. நம்ம சனத்துல பெத்தவங்க காரியத்துக்குத்தான் எடுப்பாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சாத் திட்டும், யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு." சித்தி அட்டையைத் தன் முந்தானையில் துடைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லல."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. நன்றாக முறுக்கிவிட்டிருந்தார் என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அந்தச் சாயங்காலம் பாய் வீட்டில், நான் வாயைத் திறந்த அந்த நிமிஷமே சித்திக்குத் தெரியும். தெரிந்துதான் நானும் பார்த்தேன் என்றார்.

"சித்தி..." என்றேன்.

"போ, கை காலைக் கழுவிட்டு வா. சாப்புடுவே" என்றார்.

நான் கொல்லைப் பக்கம் ஓடினேன். சித்தி அப்பாவிடம் சொல்ல மாட்டார், இனி அடி விழாது, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டே, வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் காலில் ஊற்றினேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.